தோலுக்குள் ஒரு எக்ஸ்ரே



எக்ஸ்ரே என்றதும் நமக்கு ஞாபகம் வருவது முறிந்த கையும் மாவுக்கட்டும்தான். ஒர்க்‌ஷாப்பில் நம் காலைக் காக்கும் தோல் ஷூவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

பச்சைத் தோல் சுமார் 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோலோ கொதிக்கிற தண்ணீரையும் தாங்கும். காரணம் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதம். அது மூன்று இழைப் பின்னல் என்று 1954-இல் எக்ஸ்ரே ஆய்வால் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்த இழைகளிலுள்ள ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் முனைகளைத்தான் குரோமியம் அயனி பிடித்துக்கொள்கிறது.

"பிடிக்குதுன்னு எப்படிப்பா தெரியும்?" என்கிறீர்களா? எக்ஸ்ரேயின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், 5989 எலக்ட்ரான் வோல்ட்டில் குரோமியம் அதை 'லபக்'கென்று விழுங்குகிறது. வெளியேறும் எலக்ட்ரான், பக்கத்து அணுக்களில் மோதி எதிரொலிக்கிறது. வரைபடத்தில் விழும் அந்த நெளிவுகளை வைத்து, அருகிலுள்ள அணுக்கள் எத்தனை, எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். 2001-இல் பிரிட்டனில் குரோம் தோலையே இப்படி ஆராய்ந்தார்கள். நம் நாட்டில் இந்தூரின் இண்டஸ்-2 நிலையத்தில் இதற்கு வசதி உண்டு.

இதே முறை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். மூன்று இணைதிறன் குரோமியம் தோலைப் பதனிடும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மண் நமக்குத் தெரியாததா? எது எந்த வகை என்று அறிவது அங்கே உயிர்ப் பிரச்சினை.

"ஜினகாஞ்சி மடம் இருக்கிற மேல்சித்தாமூர்க்காரன் தோலைப் பத்தி எழுதலாமாடா?" என்று விடுதி நண்பன் கேலி செய்தான். கிணற்றில் விஷம் இறங்காமல் பார்ப்பதும் கொல்லாமைதானே!

"இதெல்லாம் டாக்டர் பட்டக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். கழிவுநீர் நிலையத்தில் சாம்பிள் எடுப்பது யார்? டிப்ளமோ படித்த நாம்தான்! பாட்டிலைச் சரியாகக் கழுவாமல், வெயிலில் நாள்கணக்காக வைத்தால் ஆறு இணைதிறன் மூன்றாக மாறிப்போகலாம். அப்புறம் கோடி ரூபாய்க் கருவியும் பொய்தான் சொல்லும்.

நாமோ உப்புப் பகுப்பாய்வில் நிறம் பார்த்து, ரெக்கார்டு நோட்டைக் காப்பியடித்து, கெமிஸ்ட்ரியை முதல் வருஷத்தோடு மறக்கிறோம். சங்கத்துக்கு என் யோசனை இதுதான்: டூர் என்றால் ஊட்டி, கொடைக்கானல்தானா? ஒரு நாள் அனுமதி வாங்கி, அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்வருவோம். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் காலையிலேயே சென்னை. சிந்திப்போமா?