"என்ன செய்தான்?" என்று கேட்காதீர்கள், "எப்படிச் செத்தான்?" என்று கேளுங்கள்



லாக்கப்பில் நம் பையன் ஒருவன் இறந்துபோனான் என்று செய்தி வந்தால் நம்மவர்கள் வாயில் வரும் முதல் கேள்வி எது? "அவன் என்ன செய்தான்?" காப்பிக் கடையிலும் அதே கேள்வி, கோயில் வாசலிலும் அதே கேள்வி. பதிலும் கையோடு வந்துவிடும். "ரவுடிப் பயலாம், குண்டர் கும்பலாம், கார் திருடினானாம்." அதோடு பேச்சு முடிந்தது. ஒரு உயிர் போன கணக்கும் முடிந்தது.

சட்டம் கேட்கும் கேள்வி வேறு. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் அதை விசாரிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவு. எப்படி இறந்தார், யார் பொறுப்பு என்பதுதான் அந்த விசாரணையின் வேலை. இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. சட்டப் புத்தகத்துக்கு இருக்கும் இந்த நியாயம், சொந்த இனத்துப் பிள்ளை விஷயத்தில் நமக்கு ஏன் இல்லாமல் போனது?

குகனை மறந்திருக்க மாட்டீர்கள். வயது 22. கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்தார்கள். 2009 ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. குடும்பத்தார் அதை நம்பிவிட்டுப் பேசாமல் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் சவக்கிடங்குக்குள் போய் உடலைப் பார்த்தார்கள். காயங்களைப் பார்த்தார்கள். இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்று நின்றார்கள். அந்தப் பரிசோதனைதான் அடிபட்டு இறந்தார் என்பதை வெளியே கொண்டுவந்தது. 2013இல் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டது ஒரே ஒரு கான்ஸ்டபிள்!

பாலமுருகனைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் அவரை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோனபோதே உடல்நிலை மோசமாக இருந்தது. மாஜிஸ்திரேட் தடுப்புக் காவலை நீட்டிக்க மறுத்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்றிரவே அவர் வட கிள்ளான் போலீஸ் தலைமையகத்தில் இறந்தார். நீதிமன்றம் சொன்ன பிறகும் ஒரு மனிதன் மருத்துவமனை வாசலைப் பார்க்காமல் சாகிறான் என்றால், அவனுக்காகக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம் அல்லவா காரணம்?

இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்தும் வருகிறது. "செத்தவன் ரவுடிதானே" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தத் தைரியத்துக்குத் தீனி போடுகிறோம்.

யார் இந்தப் பிள்ளைகள்? வானத்திலிருந்து விழுந்தவர்களா? தோட்டங்கள் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோய், புறம்போக்குக் குடிசைக்கும் அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கும் தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அப்பா லோரி ஓட்டுவார், அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பள்ளியை விட்டு நின்ற பையனை ஏன் நின்றாய் என்று கேட்க ஆளில்லை. குண்டர் கும்பல் மட்டும் அவனைத் தேடி வந்தது. அவன் படிக்காமல் நின்றபோது கண்ணில் படாதவன், செத்த பிறகு மட்டும் "இனத்தின் அவமானம்" ஆகிவிடுகிறான்.

சிலர் கேட்பீர்கள்: சங்கிலியைப் பறிகொடுத்த அக்காவும் நம் அடுக்குமாடியில்தானே இருக்கிறார், அவருக்கு நியாயம் வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். அதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் சிறைக்குப் போகட்டும். ஆனால் அடி தாங்காமல் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான். உண்மையான திருடன் வெளியே நடமாடுவான். அடித்துக் கொல்லும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் எவருக்கும் கொடுக்கவில்லை.

லாக்கப்பில் எல்லா இனத்தவரும் இறக்கிறார்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மக்கள் தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே இருக்கும் நாம், இந்த மரணங்களில் அதைவிட அதிகமாக இருக்கிறோம். 2005இலேயே அரச விசாரணை ஆணையம் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி அதிகாரமுள்ள ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் ஒரு ஆணையம் வந்தது. அதுவும் தானே தண்டிக்க முடியாமல், பரிந்துரை மட்டும் செய்யும் ஆணையம்! இதை மாற்றக் கேட்டுப் போராடத்தான் வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்வோம்.

பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்றால் பதறாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். விசாரிப்பதற்கு முன்பே உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரிடம் பேசவும் உரிமை உண்டு என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். இது 28ஏ பிரிவு. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதி இதுதான். தடுப்புக் காவல் விசாரணைக்கு தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாகவே வருவார். காசில்லையே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், நீதிமன்றத்துக்குப் போங்கள். அடித்திருந்தால் சட்டையைத் தூக்கி மாஜிஸ்திரேட்டிடம் காட்டச் சொல்லுங்கள்.

உயிரே போய்விட்டதா? கல்லாக மனத்தை ஆக்கிக்கொண்டு ஒன்று கேளுங்கள். அவசரப்பட்டுத் தகனம் செய்யாதீர்கள். "சீக்கிரம் காரியத்தை முடித்துவிடுங்கள், மானம் போகிறது" என்று சொந்தக்காரர்களே நெருக்குவார்கள். அந்த உடல்தான் உங்கள் பிள்ளையின் கடைசி வாக்குமூலம். முதல் அறிக்கையில் சந்தேகம் இருந்தால், இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேட்டு வழக்கறிஞர் மூலம் உடனே எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். போலீஸ் புகார் செய்யுங்கள். எரித்துவிட்டால் சாட்சியும் சாம்பல்.

இதையெல்லாம் ஒரு தாய் தனியாகச் செய்வாளா? மரண விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு தவணைக்கும் அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். திருவிழா அன்னதானத்துக்கு வாரி வழங்கும் சமூகம் நாம். அந்தத் தாயின் பஸ் காசுக்கு ஒரு உண்டியல் வைத்திருக்கிறோமா? கார் வைத்திருப்பவர் நீதிமன்றத்தில் கொண்டுபோய் விடலாம். மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை கடிதங்களைப் படித்துச் சொல்லலாம். கோயில் நிர்வாகம், சங்கம், இளைஞர் மன்றம் எல்லாம் இதற்கும் சேர்த்துத்தானே?

நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் வாய்மூடிக் கிடக்கின்றன. அந்த நாலு பேர் வேறு யாருமில்லை, நீங்களும் நானும்தான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், நாலு பேராகக் கிளம்பி அந்த வீட்டுக்குப் போங்கள். விசாரணை நாளில் நீதிமன்றத்தில் அந்தத் தாயோடு உட்காருங்கள்.