வீடு என்னுடையது, பூட்டு யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது ஐந்து நிமிடம்தான். முழுக்கப் படியுங்கள்.

போன மாதம் என் அக்கா வீட்டுக் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவினார்கள். சி டிரைவ் புதிதாகிவிட்டது. டி டிரைவில் பேரன் முன்பு ஏற்றிய கார் பந்தய விளையாட்டு, நூறு ஜிபிக்கு மேல், அப்படியே கிடந்தது. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "டி-யை ஃபார்மட் அடிச்சாத்தான் போகும்" என்றார் கடைக்காரர். அடித்தார். விளையாட்டு போனது. கூடவே அத்தானின் அறுபதாம் கல்யாணப் படங்களும் போயின. அத்தான் இன்று நம்மோடு இல்லை. அக்கா யாரையும் திட்டவில்லை. "போனது போகட்டும் தம்பி" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். ஒரு ஃபோல்டர் அழியவில்லை என்பதற்காக டிரைவையே அழிப்பது, ஒரு அறைக்குச் சாவி கிடைக்கவில்லை என்று வீட்டையே இடிப்பதற்குச் சமம். "ஃபார்மட் அடி" என்பது வைத்தியம் ஆகாது. வைத்தியம் தெரியாது என்பதை மறைக்கும் சொல் அது.

ஏன் அழிய மறுக்கிறது? ஒரே வகுப்பில் இரண்டு செந்தில்குமார் இருந்தால் நான் பெயரைப் பார்ப்பேனா, சேர்க்கை எண்ணைப் பார்ப்பேனா? எண்ணைத்தான். விண்டோஸும் அப்படியே. ஒவ்வொரு பயனருக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட எண் ஒன்றைக் கொடுக்கிறது. மறுபடி நிறுவி, அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொடுத்தாலும் கிடைப்பது புது எண். டி டிரைவில் கிடக்கும் கோப்புகளிலோ பழைய பதிவேடு. அங்கே நீங்கள் அந்நியர்.

அதற்கு மேல் இன்னொரு பூட்டு. ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலிகளும் விளையாட்டுகளும் குடியிருக்கும் விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குப் பொதுவாக உரிமையாளர் நீங்கள் இல்லை. டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற ஒரு சேவை. 2007ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அழிக்கப் போனால் "டிரஸ்டட்இன்ஸ்டாலரிடம் அனுமதி வாங்கு" என்று ஒரு பெட்டி வரும். அவரை எந்த அலுவலகத்தில் போய்ப் பார்ப்பது? மனு எழுதவா?

பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் வேலை பார்க்கும் என் மாணவர்கள் உடனே சொல்வார்கள்: "சார், அது பாதுகாப்புக்காக." ஒப்புக்கொள்கிறேன். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸில் ஒரு வைரஸ் புகுந்து செயலிகளை மாற்றிவிடாமல் அந்தப் பூட்டு தடுக்கிறது. அதற்கு முழு மதிப்பெண். ஆனால் பழைய விண்டோஸ் போய்விட்ட பிறகு, ஓட்டவே முடியாத விளையாட்டுக்கு அந்தப் பூட்டு எதைக் காக்கிறது? குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், அறையில் அவர் பூட்டு மட்டும் தொங்குகிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள். டிரைவ் பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தால், ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டுக் கணினியைத் துவக்கி அதே ஃபோல்டரை அழித்துவிடலாம். லினக்ஸ் வழக்கமாக அந்த அனுமதிப் பட்டியலைப் பொருட்படுத்துவதில்லை. ஆக, வட்டைக் கையில் வைத்திருக்கும் திருடனை இந்தப் பூட்டு தடுக்காது. விவரம் தெரியாத உரிமையாளரை மட்டும் தடுக்கும். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. புதுப் பதிப்புக்கு மாறும்போது பழையதை விண்டோஸ்.ஓல்டு என்று ஒதுக்கி வைத்து, பத்து நாள் கழித்துத் தானே அழிக்கத் தெரிகிறது. "டி டிரைவில் பழைய விளையாட்டு இருக்கிறது, அழிக்கவா?" என்று ஒரு கேள்வி கேட்க மட்டும் தெரியாதா? விளையாட்டை நாம் சொந்தமாக வாங்குவதில்லை, உரிமம்தான் வாங்குகிறோம். அதை விற்பவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சரி, விளையாட்டு அவர்களுடையது. வட்டு நம்முடையது அல்லவா? நம் இடத்தைக் காலி செய்யும் வழியைக் கையில் கொடுப்பது அவர்கள் கடமை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால் பல வீடுகளில் இந்த மாற்று வேலை நடக்கிறது. எனவே குறித்துக்கொள்ளுங்கள்:

1. மறுபடி நிறுவுவதற்கு முன்பே விளையாட்டுகளை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பாதித் தொல்லை இங்கேயே தீரும்.

2. எதைத் தொடுவதற்கு முன்பும் படங்களை வேறொரு வட்டில் நகல் எடுங்கள். அக்கா வீட்டில் நகல் இல்லை. அது எங்கள் குடும்பத்தின் தவறு, என்னுடையதும்தான்.

3. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, டி டிரைவில் உள்ள பழைய ஃபோல்டர் மீது ரைட் கிளிக். பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். ஓனர் பக்கத்தில் சேஞ்ச் அழுத்தி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று கொடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டத்தில் டிக் செய்து அப்ளை கொடுங்கள். மூடிவிட்டு மறுபடி திறங்கள்.

4. அதே பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு ஃபுல் கன்ட்ரோல் சேர்த்து, உள்ளே இருப்பவற்றுக்கும் அது செல்லும்படி டிக் செய்யுங்கள். பிறகு அழியுங்கள். கோப்புகள் அதிகம் என்பதால் நேரம் ஆகும், பொறுங்கள்.

5. சி டிரைவில் உள்ள விண்டோஸ்ஆப்ஸ் பக்கம் போகவே கூடாது. கால்குலேட்டர் முதல் பல செயலிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. புது விண்டோஸில் டி டிரைவிலேயே செயலிகளைப் போட்டிருந்தால், அங்கும் கை வைக்காதீர்கள். டிரைவ் முழுவதற்கும் உரிமை மாற்றச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள்.

என் பேத்தியின் கணினியில் போன வாரம் இதே முறையில் செய்தேன். இடம் காலியானது. படம் ஒன்றும் போகவில்லை. எழுபது வயதில் என்னால் முடிகிறது என்றால் உங்களால் முடியாதா?

வீட்டுப்பாடம் ஒன்று. இன்று இரவே உங்கள் அப்பா அம்மா படங்கள் எந்த வட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். இன்னொரு நகல் எடுங்கள். எடுத்தவர்கள் பின்னூட்டத்தில் "முடித்தேன் சார்" என்று எழுதுங்கள். அத்தானின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களே, உங்கள் கைபேசியில் ஒரு படமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.