விலைக்குள் மறையும் வரி

மட்டாஞ்சேரியில் மிளகின் விலை மறைபொருள் அன்று. 1957இல் அங்கு தோன்றிய மிளகு வர்த்தகச் சங்கம் அதனை ஊரறியச் செய்தது. எர்ணாகுளத்து ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, வரி குறைந்த நாட்டிலுள்ள தன் துணை நிறுவனத்துக்கு அம்மிளகைச் சந்தை விலையினும் மிகக் குறைத்து விற்பதாகக் கொள்வோம். இலாபம் அங்கே சேரும். இங்கே வரி தேயும்.

இதனைத் தடுக்கவே 2001இல் பரிமாற்ற விலை விதிகள் விரிவாக்கப்பட்டன. தொடர்பற்ற ஒருவருக்கு விற்றால் கிடைக்கும் விலையையே அவை கணக்கில் கொள்ளும். 2017 ஏப்ரல் முதல் பொது வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகளும் நடைமுறைக்கு வந்தன. வணிக நோக்கமின்றி வரிப் பயனுக்கென்றே புனைந்த ஏற்பாடுகளை அவை ஏற்பதில்லை. ஓராண்டு வரிப் பயன் 3 கோடி ரூபாயைத் தாண்டினாலன்றிப் பாய்வதுமில்லை.

இவ்விதிகளை நாம் வணிகத்தின் பகையாகக் கருதவில்லை. சட்டம் அளிக்கும் சலுகையைப் பெறுவது உரிமை. இல்லாத வணிகத்தைத் தாளில் காட்டுவது உரிமையாகாது. ஒருவர் தவிர்க்கும் வரியின் சுமை, முழு வரி செலுத்தும் அண்டைக் கடைக்காரர் மீதே விழுகிறது. எனினும், நேர்மையான வணிகர் ஆண்டுக்கணக்கில் வழக்கில் உழல்வதும் நீதியன்று. வரித்துறை விரைந்து முடிவுரைக்க வேண்டும். வணிகர் விற்பனை நாளன்றே சந்தை விலைச் சான்றைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.