சொவெட்டோவை ஒரே தெருவில் அடக்கிவிடலாமா?

தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் சுற்றுப்பயணிகளின் திட்டத்தில், ஜொகானஸ்பர்க் நகரின் தென்மேற்கே உள்ள சொவெட்டோவுக்கு அரை நாள் ஒதுக்குவது வழக்கம். பேருந்து விலகாசி தெருவில் நிற்கும். நெல்சன் மண்டேலா வாழ்ந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். டெஸ்மண்ட் டூட்டுவின் வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொள்வார்கள். அருகிலுள்ள ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகத்தையும் பார்த்து, மதிய உணவையும் முடித்துவிட்டால் சொவெட்டோ முடிந்தது. இந்த அரை நாள் போதாது என்பதே என் கருத்து. தமிழுக்கென ஒரு கழகம் அமைத்து, ஆண்டுதோறும் மலரும் வெளியிடும் நமக்கு அது போதவே போதாது.

முதலில் அந்தத் தெருவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். நோபல் பரிசு பெற்ற இருவர் வாழ்ந்த தெரு என்பது எல்லாருக்கும் தெரியும். விலகாசி யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. பெனடிக்ட் விலகாசி சூலு மொழியின் முன்னோடிக் கவிஞர். 1946இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சி. எம். டோக் என்ற அறிஞருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சூலு - ஆங்கில அகராதி, அவர் மறைந்த மறு ஆண்டு, 1948இல் வெளிவந்தது. தன் மொழிக்கு அகராதி செய்த ஒரு பல்கலைக்கழக அறிஞரின் பெயரைத் தாங்கிய தெருவில் நின்றுகொண்டு, அவரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் நாம் திரும்பலாமா?

அடுத்து மொரிஸ் ஐசக்சன் உயர்நிலைப்பள்ளி. 1976 ஜூன் 16 அன்று மாணவர் பேரணி புறப்பட்ட பள்ளிகளுள் இதுவும் ஒன்று. கணிதம், சமூகவியல் போன்ற பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அரசு 1974இல் ஆணையிட்டது. ஆசிரியர்களிலேயே பலருக்கு அம்மொழி சரியாகத் தெரியாது. 1976 மே மாதத்திலேயே சில பள்ளிகளில் வகுப்புப் புறக்கணிப்பு தொடங்கிவிட்டது. ஜூன் 16 பேரணிக்கு முன்னின்ற சியெட்சி மஷினினி இப்பள்ளியின் மாணவர். அப்போது வயது 19. இதைத் தாய்மொழிக்கான போராட்டம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. அம்மாணவர்களில் பலர் ஆங்கிலத்தில் படிப்பதையே விரும்பினர். தங்களை ஒடுக்கியவர்களின் மொழி தங்கள் வகுப்பறைக்குள் திணிக்கப்படுவதைத்தான் அவர்கள் எதிர்த்தனர். இந்த வேறுபாட்டை உணர, புகழ்பெற்ற நிழற்படத்தை அருங்காட்சியகத்தில் பார்த்தால் மட்டும் போதாது. பேரணி புறப்பட்ட பள்ளியிலிருந்து ஓர்லாண்டோ வெஸ்ட் வரை அவர்கள் நடந்த வழியையும் பார்க்க வேண்டும்.

துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பியோடிய மாணவர்கள் புகலிடம் தேடிய இடங்களுள் ஒன்று ரெஜினா முண்டி கத்தோலிக்கத் தேவாலயம். காவலர்கள் அதற்குள்ளும் புகுந்து சுட்டார்கள். குண்டு பட்ட தடங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்த காலத்தில், இறுதிச் சடங்குகளும் வழிபாடுகளுமே அங்கு மக்கள் கூடிப் பேசும் மேடையாயின. பிற்காலத்தில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளும் அதே கூரையின்கீழ் நடைபெற்றன. அவலோன் இடுகாட்டுக்குச் சென்றால், 12 வயதில் சுடப்பட்ட ஹெக்டரும் 1990இல் அயல்நாட்டில் மறைந்த மஷினினியும் ஒரே மண்ணில் துயில்வதைக் காணலாம். 1956இல் பிரிட்டோரியாவை நோக்கிச் சென்ற மகளிர் பேரணியின் தலைவியரான லிலியன் ங்கோயியும் ஹெலன் ஜோசப்பும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.

ஆயினும், நாம் தவறவிடவே கூடாத இடம் கிளிப்டவுன். 1955 ஜூன் 25, 26 ஆகிய நாள்களில் ஏறத்தாழ 3,000 பேராளர்கள் அங்கே ஒரு திடலில் கூடினர். ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர், வெள்ளையர் என எல்லா இனத்தாரும் வந்திருந்தனர். இரண்டாம் நாள் காவல்துறை திடலைச் சூழ்ந்துகொண்டது. ஆயினும் சுதந்திர சாசனம் ஏற்கப்பட்டது. தடையாணைக்கு உட்பட்டிருந்த மண்டேலாவும் வால்டர் சிசுலுவும் ஒதுங்கி நின்றே அதைப் பார்க்க முடிந்தது. எல்லா மக்களும் தத்தம் மொழியைப் பயன்படுத்தவும் தம் பண்பாட்டை வளர்க்கவும் சம உரிமை உடையவர்கள் என்பது அந்தச் சாசனம் தந்த வாக்குறுதிகளுள் ஒன்று. 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 11 ஆட்சி மொழிகளை அறிவித்ததோடு நிற்கவில்லை. பேணவும் மதிக்கவும் வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. கிளிப்டவுன் திடலில் தந்த வாக்குறுதியின் தொடர்ச்சியாகவே இதை நாம் காண வேண்டும். சட்டப் புத்தகத்தில் பெயர் இருப்பது வேறு, வீட்டில் மொழி இருப்பது வேறு என்பதையும் மறந்துவிடக்கூடாது. அந்நாட்டுத் தமிழர் இல்லங்கள் பெரும்பாலானவற்றில் இன்று ஒலிப்பது ஆங்கிலமே.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1904இல் ஜொகானஸ்பர்க்கில், 'கூலி லொகேஷன்' என்று இழிவாக அழைக்கப்பட்ட இந்தியர் குடியிருப்பில் பிளேக் நோய் பரவியது. காந்தியும் நண்பர்களும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர். பின்னர் அக்குடியிருப்பு தீயிட்டு அழிக்கப்பட்டு, மக்கள் கிளிப்ஸ்புருட் பண்ணையில் கூடாரங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்கே குடியமர்த்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் இருப்பிடமே பின்னாளில் பிம்வில் என்று பெயர் பெற்றுச் சொவெட்டோவின் தொடக்கப் பகுதிகளுள் ஒன்றாயிற்று. ஆகவே சொவெட்டோவின் கதை முதல் பக்கத்திலேயே நம் மக்களையும் தொட்டுச் செல்கிறது.

இவ்வளவு பெருமை வாய்ந்த கிளிப்டவுன் திடலின் நிலை என்ன? சாசனத்தின் பொன்விழாவையொட்டி 2005இல் அது வால்டர் சிசுலு சதுக்கமாகத் திறக்கப்பட்டது. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அங்கிருந்த கட்டடங்கள் சூறையாடப்பட்டுச் சிதைந்தன. 2024இல் யுனெஸ்கோ அத்திடலை உலக மரபுடைமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்றது. பட்டயம் கிடைத்துவிட்டால் மட்டும் ஓரிடம் பிழைத்துவிடாது. வந்து பார்க்கும் கண்களும் அதை நம்பிப் பிழைக்கும் கடைகளும் இருந்தால்தான் அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைக்கும். விலகாசி தெருவில் உணவகங்கள் பெருகின. கிளிப்டவுனிலோ, சதுக்கத்திலிருந்து இரயில் பாதையைத் தாண்டினால் தகரக் குடிசைகளும் பொதுக் குழாய்களும்தாம்.

ஏழைகள் வாழும் இடத்தை வேடிக்கை பார்க்கப் போவது முறையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி பிறர் வறுமையைப் படம்பிடிப்பது முறையன்று. ஆனால் அதற்குத் தீர்வு போகாமல் இருப்பதல்ல. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டியுடன் நடந்து செல்லலாம். அவர்கள் கடையில் உண்ணலாம். அனுமதி கேட்டுப் படம் எடுக்கலாம். பேசுவதைவிட அதிகமாகக் கேட்கலாம். பாதுகாப்புக்கும் அதுவே நல்ல வழி.

மாணவ நண்பர்களே! படிப்பு முடிந்து, சொந்த உழைப்பில் சேர்த்த பணத்தில் நம்மில் சிலர் ஒருநாள் அந்நாட்டுக்குச் செல்லக்கூடும். அப்போது திட்டத்தில் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஓர் இடுகாடு, ஒரு திடல் ஆகிய நான்கையும் பார்த்துவிடலாம். நம் மொழியின் பெயரைத் தன் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாட்டுக்கு, அந்த ஒரு நாளையாவது நாம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.