விடியுமுன் போன பெண்கள்



புதிதாகக் கல்யாணமாகிப் போன ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள். "அம்மா, ஈஸ்டர் ஞாயிறு எல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கறிச்சட்டியைத் தேய்க்க உட்காரும்போது அந்த ஈஸ்டர் எங்கே போய்விடுகிறது?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. இதற்கு ஐயர் பிரசங்கத்திலிருந்து பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் அத்தையை வைத்துத்தான் சொல்ல முடியும். அத்தை என்றால் என் மாமியார்.

1984-ம் வருஷம். நான் கல்யாணமாகிப் புளியங்குடிக்கு வந்து ஒன்றரை வருஷம். இப்போது எங்கள் ஊர் தென்காசி மாவட்டம்; அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. என் வீட்டுக்காரர் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். லெந்து நாட்கள் ஆரம்பித்த பிறகு, மார்ச் மாதம் நடுவில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. கோயிலில் எல்லாரும் ஆவலோடு சொல்லும் "மூன்றாம் நாள்" என்ற வார்த்தை அந்த வருஷம் எனக்கு அப்படிக் கசந்தது.

ஆண்கள் ஒரு புதுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். "பச்சை உடம்பு, நீ வரக்கூடாது" என்றார்கள். எந்த இடம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்த மாதிரி, "வயசு இருக்கு, அடுத்தது பிறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வேறு வார்த்தை தெரியாது. ஆனால் குழந்தை போனது என் மார்புக்குத் தெரியவில்லையே! நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு கல்லு கல்லாக வலித்தது. வெட்கத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரவிக்கை நனைந்ததைப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார்கள். ஒன்றும் பேசவில்லை. சங்கரன்கோவில் பூச்சந்தையிலிருந்து மல்லிகை வரவழைத்து, மார்போடு வைத்துத் துணியால் கட்டிவிட்டார்கள். தினமும் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பார்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, மல்லிகைப்பூ பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988-ல் எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அத்தை இளகின மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவிடுகிற ரகம். நான் வந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்பது அரிசி, பருப்பு அளவில்தான்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 22. முந்தின ராத்திரி நான் படுக்கப் போகும்போது, "ஏட்டி, நாலு மணிக்கு எந்திரிச்சிரு. என்கூட வா" என்றார்கள். எங்கே என்று கேட்கத் தைரியம் இல்லை.

ஈஸ்டர் விடியற்காலையில் எங்கள் சபையார் கல்லறைத் தோட்டத்துக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போவது வழக்கம். ஆனால் அத்தை அதற்கும் முன்னாலேயே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கையில் ஒரு வாளி, தென்னை ஈர்க்கு விளக்குமாறு, நாலைந்து மெழுகுவர்த்தி, ஒரு பந்து மல்லிகைப்பூ. மேற்கே மலை கறுப்பாகத் தெரிந்தது. வானத்தில் அரை நிலா இருந்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை ஒட்டி, அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்று கணக்கு. அந்தப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும்.  அதனால் ஈஸ்டர் விடியற்காலையில் கொஞ்சமாவது நிலா வெளிச்சம் இருக்கும். கவனித்திருக்கிறீர்களா?

வாசலில் எனக்குக் கால் ஓடவில்லை. "பொம்பளைங்க வரலாமா அத்தை?" என்றேன்.

"அன்னிக்கு மொதல்ல போனதே பொம்பளைங்கதானட்டி!" என்றார்கள்.

சுவரோரம் ஒரு சின்ன மண்மேடு. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு. அவை மேடே இல்லை, சுற்றிலும் கல் வைத்திருந்ததால்தான் அடையாளம். அத்தை உட்கார்ந்து அந்த இரண்டிலும் புல் பிடுங்கினார்கள். "ஒண்ணு எட்டு மாசம். இன்னொண்ணு பேர் வைக்கறதுக்குள்ள போயிட்டு. ஒங்க மாமாகிட்டகூட இதப் பத்திப் பேசினதில்ல" என்றார்கள். பிறகு விளக்குமாற்றை என் கையில் கொடுத்து, "ஒன் பிள்ளைக்கு நீ பெருக்கு" என்றார்கள். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். அவர்கள் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சுவிசேஷத்தில் அந்தப் பகுதியைப் படிக்கும் விதமே மாறிப்போயிற்று. மகதலேனா மரியாளும், யாக்கோபின் தாயாகிய மரியாளும், சலோமேயும் அந்த விடியலில் அற்புதம் பார்க்கவா போனார்கள்? செத்த உடம்புக்குச் சுகந்தவர்க்கம் பூசுகிற, யாரும் விரும்பாத ஒரு வேலையைச் செய்யப் போனார்கள். அந்தப் பெரிய கல்லை யார் புரட்டுவது என்று வழியெல்லாம் கவலை வேறு. பதில் தெரியாமலே நடந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்த இடம். திரும்பி வந்து சொன்னபோது ஆண்கள் நம்பவில்லை, பிதற்றல் என்றார்கள். அது நமக்குப் புதிதா என்ன! உயிர்த்தெழுந்த ஆண்டவரும் என்ன செய்தார்? யோவான் எழுதியிருப்பதைப் பாருங்கள். தலையில் சுற்றியிருந்த துணி தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு ஒரு நாள் கடற்கரையில் கரி நெருப்புப் போட்டு, மீன் சுட்டு, ராத்திரியெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். துணி, அடுப்பு, சாப்பாடு. கறிச்சட்டி தேய்க்கிற மகளே, உன் ஈஸ்டர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் திருநெல்வேலிச் சீமையில் சபை ஆரம்பித்ததும் ஒரு பெண்ணை வைத்துத்தானே? குளோரிந்தா அம்மாள் கணவனை இழந்தவர். 1778-ல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-ல் பாளையங்கோட்டையில் கோயில் கட்டி முடித்தார். இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் பேர். 1780-ல் எழுதின நாற்பது பேர் சபைப் பட்டியலில் முதல் பேர் அவருடையது.

சரி, எங்கள் வீட்டுத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். அத்தை ஒரே ராத்திரியில் மாறிவிடவில்லை. அன்றைக்கே குழம்பில் உப்புக் கூடிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை போனாலும், அது எந்த மதத்து வீடானாலும், அத்தை தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்புவார்கள். போய் உபதேசம் ஒன்றும் சொல்வதில்லை. "பால் கட்டியிருக்கா?" என்று காதோடு கேட்பார்கள்.

நீங்களும் அதைக் கேளுங்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு, அளவான, இறுக்கமில்லாத உள்ளாடையும் குளிர்ந்த ஈரத்துணியும் ஆறுதல் தரும். வலி தாங்காவிட்டால் கொஞ்சமாகப் பீய்ச்சி விடலாம். முழுவதும் எடுத்தால் இன்னும் சுரக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றெல்லாம் சொன்னால், ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். சாகிற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள். லெந்து உபவாசம் என்று பிள்ளை பெற்ற உடம்பைப் பட்டினி போடவும் வேண்டாம்.

அத்தை போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த இரண்டு சின்னக் கல்லுக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். போன ஈஸ்டருக்கு எங்கள் தெருவில் வாடகைக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணிடம் நான் போய், "நாலு மணிக்கு எந்திரிச்சிரு" என்றேன். அவளும் எங்கே என்று கேட்கவில்லை.

நீங்கள் யாரையாவது அழைத்துப் போவதானால் இரண்டு சிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. சிரட்டைக்குள் வைத்தால் விடியும்வரை எரியும்.