விடை தெரியாத கேள்வியைக் கொடுங்கள்

ஆறாவது பருவம் தொடங்கியதும் நம் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கைக்கு வருவது முந்தைய ஆண்டு அண்ணன்மார் செய்ததுதான். ஏதோ ஓர் இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரிப்பார்கள். இல்லையென்றால் ஒரு கரைசலை மெல்ல ஆவியாகவிட்டுப் படிகம் வளர்ப்பார்கள். மாதிரியைக் கட்டணம் கட்டி வெளியே அனுப்பினால் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படம் கோப்பாக வந்துசேரும். ஷெரர் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் துகளின் அளவு நானோமீட்டரில் கிடைக்கும். பிறகு பைண்டிங், வைவா, மதிப்பெண்.

தலைப்பில் குற்றமில்லை. அந்தப் படத்தில் ஒரு முகடு ஏன் அகன்றிருக்கிறது என்று யாரும் கேட்காததுதான் குற்றம். துகள் சிறியதாக இருந்தால் முகடு அகலும் என்பது உண்மை. ஆனால் அளக்கும் கருவியும் தன் பங்குக்கு அகலத்தைக் கூட்டுகிறது. படிகத்துக்குள் இருக்கும் திரிபும் கூட்டுகிறது. இவற்றைக் கழிக்காமல் கணக்கிட்டால் துகள் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். எவ்வளவு சிறியதாக? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதம் உழைக்கலாம். அப்படி உழைத்த மாணவர் தடித்த ஆய்வேட்டோடு வரமாட்டார். ஆனால் அளவீடு என்றால் என்னவென்று அறிந்து வருவார்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் இருக்க வேண்டும், எல்லா மாணவருக்கும் இருக்க வேண்டும், அதன் கேள்விக்கு வழிகாட்டும் ஆசிரியருக்கே விடை தெரியாமல் இருக்க வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

இது எட்டாத ஆசையல்ல. 1909இல் மான்செஸ்டரில் எர்னெஸ்ட் மார்ஸ்டன் 20 வயது இளங்கலை மாணவர். அவருக்கும் ஒரு சிறு ஆராய்ச்சி வேலை கொடுக்கலாமே என்ற பேச்சு எழுந்தபோது, உலோகத் தகட்டில் மோதும் ஆல்ஃபா துகள்களில் ஏதாவது பெருங்கோணத்தில் திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னார் ரூதர்ஃபோர்டு. திரும்பும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இருட்டறையில் துத்தநாக சல்பைடு திரையின் மினுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணியதில், பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8,000 துகள்களுக்கு ஒன்று திரும்பி வருவது தெரிந்தது. 1911இல் ரூதர்ஃபோர்டு முன்வைத்த அணுக்கருக் கொள்கை அந்த எண்ணிக்கையின் மேல் எழுந்தது. 'ஒன்றும் வராது' என்ற விடை வந்திருந்தாலும் மார்ஸ்டனின் வேலை ஒழுங்கான வேலையாகவே இருந்திருக்கும். நம் மதிப்பெண் முறையிலோ ஒன்றும் வராத ஆய்வுக்கு இடமே இல்லை. அதனால்தான் மாணவர்கள் எண்களை வளைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியின் கதை இன்னும் அருகில் இருக்கிறது. அங்கே எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சி.வி. ராமன், முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியில் அளக்கும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இல்லாததைக் கவனித்தார். அது பற்றிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18. அந்த வகைக் கருவி இன்று ஏறக்குறைய ஒவ்வொரு கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கிறது.

பணம் இல்லை, கருவி இல்லை என்ற பதில் வரும். எல்இடி விளக்குகளை வைத்துப் பிளாங்க் மாறிலி காணும் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது. விடை பெரும்பாலும் சற்றே விலகி வரும். ரெக்கார்டில் அது 'பிழை' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். விளக்கு எந்த மின்னழுத்தத்தில் எரியத் தொடங்குகிறது என்பதை எப்படி வரையறுப்பது, வெப்பநிலை மாறினால் அது எப்படி நகர்கிறது என்று தேடினால் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. சூரியன் நடுக்கோட்டருகே வேகமாகவும் துருவங்களை நோக்கி மெதுவாகவும் சுழல்வதைக் கரும்புள்ளிகளின் நகர்வைக் கொண்டு ஒரு மாணவி தானே அளந்துவிடலாம். அவளுக்குத் தேவை ஒரு கணினி. அதைவிட முக்கியமாக, வாரம் ஒரு மணிநேரம் அவளோடு உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியர்.

உண்மையான தட்டுப்பாடு அந்த ஒரு மணிநேரத்தில்தான். ப்ராஜெக்ட் வழிகாட்டுதல் பணிநேரக் கணக்கில் முழுதாகச் சேராதவரை, ஆசிரியர் தயாராக இருக்கும் தலைப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. வழிகாட்டல் இல்லாத இடத்தில் 'ப்ராஜெக்ட் செய்து தரப்படும்' என்ற விளம்பரப் பலகை தானாக முளைக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நான்காண்டு பட்டக் கட்டமைப்பு, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கே ஆராய்ச்சிப் பிரிவைத் திறந்துவிடுகிறது. இந்த வடிகட்டலை ஏற்க முடியாது. தேர்வில் மனப்பாடம் கைகொடுக்காமல் 60இல் நிற்கும் ஒருவர் ஆய்வகத்தில் கைதேர்ந்தவராக இருக்கலாம். அதைக் கண்டறியும் வாய்ப்பே ப்ராஜெக்ட்தான்.

எனவே பாடத்திட்டக் குழுக்கள் மூன்று மாற்றங்களை வரும் கல்வியாண்டிலேயே செய்யட்டும். தலைப்பை ஐந்தாம் பருவத்திலேயே முடிவு செய்து, வழிகாட்டும் நேரத்தை ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும். வெளித்தேர்வாளர் அச்சிட்ட ஆய்வேட்டுக்கு முன்னால், தேதியிட்டு அடித்தல் திருத்தலோடு எழுதிய ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்து, பாதி மதிப்பெண்ணையாவது அதற்குத் தர வேண்டும். எதிர்பார்த்த விடை வராதபோது, ஏன் வரவில்லை என்று அளந்து காட்டியவருக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை விதிமுறையிலேயே எழுதிவைக்க வேண்டும்.