காய்ச்சலும் கலக்கமும்

ஆணுறையின்றி நிகழ்ந்த ஓர் உறவின் பின்னர் வாலிபர் சிலரைப் புதியதொரு கலக்கம் பற்றிக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பர். கழுத்தைத் தடவிக் கட்டி உண்டோ எனத் தேடுவர். சற்றே உடல் சுட்டாலும் எயிட்ஸ்தான் என முடிவு கட்டிவிடுவர்.

என்னிடம் முன்னர் கற்ற ஒருவர் அண்மையில் வீடு தேடி வந்தார். அரைமணி நேரம் கிரிக்கெட் பேசிய பின்னரே, மூன்று வாரங்களுக்கு முன் கொழும்பில் நேர்ந்ததைக் கூறினார். காய்ச்சலும் தொண்டை நோவும் கண்டிருந்தன. வைத்தியர் கேட்டால் சொல்ல வேண்டி வருமே என்று மருந்து எடுக்கவும் போகவில்லை. வீட்டிலோ சாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டனராம்.

எச்.ஐ.வி. கிருமி உடலிற் புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுள் காய்ச்சல், தொண்டை நோவு, தோலிற் சிவந்த தடிப்பு, நெறிக்கட்டு முதலியன தோன்றுவதுண்டு. சிலருக்கு யாதொன்றும் தோன்றாது. இக்குறிகளுட் பல தடிமனிலும் டெங்குவிலும் வருவன. ஆகவே காய்ச்சல் வந்ததைக் கொண்டு கிருமி உண்டென்றோ, வராமையைக் கொண்டு இல்லையென்றோ துணிதல் பிழை. மாரி காலத்திலே காய்ச்சலை மறைத்து வீட்டிற் கிடப்பவர் டெங்குவுக்கு இரையாகவுங் கூடும்.

உள்ளதை உரைக்க வல்லது இரத்தப் பரிசோதனை ஒன்றே. அதற்கும் நாட்கணக்கு உண்டு. கிருமியின் கூறு ஒன்றையும் அதனை எதிர்த்து உடல் ஆக்கும் பொருளையும் ஒருங்கே தேடும் ஆய்வுகூடப் பரிசோதனையில், 45 நாள் கடந்தபின் வரும் முடிவை நம்பலாம். விரலிற் குத்தி உடனே பார்க்கும் முறைக்கு 90 நாள் வேண்டும். அதற்கு முன் "இல்லை" என வந்தால் அதனை முடிந்த முடிவாகக் கொள்ளற்க. இரத்த தானஞ் செய்தால் அங்கே சோதித்துவிடுவார்கள் என்று போவோரும் உளர். இது பெரும் பாதகம். ஆரம்ப நாட்களிற் கிருமி சோதனைக்கு அகப்படாது தப்பி, ஏதுமறியாத நோயாளி ஒருவரின் உடலிற் சேர்ந்துவிடலாம்.

உறவு நிகழ்ந்து 72 மணி நேரம் கழியாதிருப்பின் வழி வேறு. வைத்தியர் ஆபத்தின் அளவை ஆராய்ந்து, 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்து தருவர். எத்துணை விரைவிற் போகிறோமோ அத்துணை நன்று. என் மாணவர் பட்டதாரி. ஆயினும் இதனை அறிந்திலர். தவளையின் குருதிச் சுற்றோட்டத்தை வரைந்து காட்டும் வகுப்பறைகளில் இந்த 72 மணி நேரத்தைப் பற்றிய பேச்சு எழ நான் கேட்டதில்லை.

யாழ்ப்பாணம் உட்பட நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் உள. பரிசோதனைக்குக் காசில்லை, விவரமும் இரகசியமாகவே வைக்கப்படும். கிருமி உண்டெனவே முடிவு வந்தாலும் வாழ்வு முடிந்ததென எண்ணல் வேண்டா. 1996 அளவிற் கூட்டு மருந்துகள் வழக்கில் வந்தபின், அவற்றை நாடோறும் தவறாது உண்பவர்கள் நெடுங்காலம் வாழ்கின்றனர். இரத்தத்திற் காணவியலாத அளவுக்குக் கிருமி அடங்கி நிலைத்தால் உறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதுமில்லை.

முடிவு தெரியும்வரை உறவைத் தவிர்த்தல் வேண்டும். இயலாவிடின் ஆணுறை இன்றியமையாதது. மணமானவர், மனைவியிடம் என்ன சொல்வது என்று தயங்குவர். அதனையும் நிலையத்து வைத்தியரிடமே கேட்கலாம்.